இலை ஓரத்து உப்பு

அந்தக் காலத்தில், கடல்கூட இவ்வளவு கரிக்காத காலத்தில், மனுசருக்கும் காக்கைக்கும் ஆட்டுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தது. பேச்சு மட்டுமா, நாக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒருவருக்கு ருசிப்பது எல்லாருக்கும் ருசிக்கும். ஒருவருக்குக் கசந்தால் எல்லாருக்கும் கசக்கும். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில் வெள்ளைத்திடல் என்று ஓர் ஊர் இருந்தது. ஒரு பக்கம் உப்புப் பாத்திகள், இன்னொரு பக்கம் ஆற்றோரமாக வாழைத் தோட்டம். ஊருக்கு ஒரே அடுப்பு, ஒரே பானை. உச்சிக்கும் அந்திக்கும் ஊரே பந்தியாக உட்காரும். மனுசருக்குப் பக்கத்தில் ஆடு, ஆட்டுக்குப் பக்கத்தில் பூனை, பூனைக்குப் பக்கத்தில் கிளி. பூனைக்கும் கிளிக்கும் அன்றைக்குப் பகை கிடையாது. ஒரே குழம்பைச் சாப்பிடுகிறவர்களுக்குள் என்ன பகை வரும்? காக்கைக்கு மட்டும் பந்தியின் கடைசியில் இடம். அதன் வாய் ஓயாது என்பதால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

இலை போட்டதும் சோறு விழும். சோற்றின் மேல் குழம்பு விழும். முதல் கவளம் வாய்க்குள் போனதும் பந்தி மொத்தமும் ஒரே குரலில் "ம்" என்று சொல்லும். பாத்திகளில் நிற்கிற கொக்குகள் அந்தச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பும். அந்த ஒரு "ம்"தான் சமைத்தவளுக்குக் கிடைப்பது. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருந்ததும் இல்லை.

ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பந்தியில் உட்கார்ந்து யாரும் உப்பு கேட்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே நாக்கு இருக்கும்போது ஒருவன் உப்பு கேட்கிறான் என்றால், சமைத்தவளின் கை தவறிவிட்டது என்று பொருள். கை தவறியவள் அகப்பையை வைத்துவிட வேண்டும். வைத்தால் வைத்ததுதான், மறுபடி தொடக் கூடாது. அதனால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் உப்பு குவிந்து கிடந்த அந்த ஊரில், பந்தியில் உட்கார்ந்து உப்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை.

அந்த அகப்பை ஆவுடையின் கையில் இருந்தது. மெலிந்த உடம்பு அவளுக்கு, கை மட்டும் பெரிய கை. குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவள் மாதிரி தலையைச் சாய்ப்பாள். பிறகு மரவை என்கிற மரக்கிண்ணத்துக்குள் கைவிட்டு உப்பை அள்ளிப் போடுவாள். அளவு பார்க்க மாட்டாள். அளவு அவள் நாக்கில் இருந்தது.

காக்கை கூரை மேல் உட்கார்ந்து அவளை வம்புக்கு இழுக்கும்.

"ஆவுடை, இன்னைக்கு வெந்தயம் தாளிச்சியா? இங்க வரைக்கும் மணக்குது."

"ஏ காக்கா, மோந்து பாக்க உனக்கு மூக்கு எங்க இருக்கு?"

"வாய்க்கு மேலதான் இருக்கு. வாய் பெருசா இருக்கதால உனக்குத் தெரியல."

"அது மட்டும் தெரியுது. இறங்கி வந்து இலையை நறுக்கு. பேசினா வயிறு நெறையாது."

ஆவுடையின் புருசன் மாசானம் உப்புப் பாத்தியில் வேலை பார்த்தான். அவர்களுக்கு ஒரே மகன், தளவாய். மீசை முளைக்கத் தொடங்கிய வயது. பந்தி உட்காரும் முன்பே அடுப்படியில் வந்து நின்று, "எம்மா, ஒரு சொட்டு என் கையில விடு" என்று உள்ளங்கையை நீட்டுவான். ஆவுடை அகப்பைக் காம்பால் அவன் கையில் ஒன்று வைப்பாள். பிறகு ஒரு சொட்டு விடுவாள்.

ஐப்பசியில் ஆறு பெருகி வந்தது. வாழைத் தோட்டத்துப் பக்கம் ஆடுகள் மாட்டிக்கொண்டன. தளவாய் இறங்கினான். ஒவ்வொரு ஆடாகத் தூக்கிக் கரையில் விட்டான். கடைசி ஆட்டைக் கரையில் தள்ளிவிட்டவன் மேலே ஏறவில்லை. ஆறு அவனைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

துக்கம் கழிகிற வரைக்கும் ஊர் வழக்கப்படி உப்பில்லாச் சோறு. அதையும் ஆவுடைதான் ஆக்கினாள். "நீ உக்காரு யக்கா, நான் ஆக்குதேன்" என்று ஓரகத்தி பேராச்சி எவ்வளவோ சொல்லியும் அகப்பையைக் கொடுக்கவில்லை. அழவும் இல்லை. கருமாதி முடிந்து பானையில் மறுபடி உப்பு விழுந்த நாளில், எப்போதும் போல ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

ஒன்றும் தெரியவில்லை. சுடுவது மட்டும் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் உப்பு போட்டாள். நக்கினாள். தெரியவில்லை. ஊருக்குத் துக்கம் கழிந்தது, அவள் நாக்குக்குக் கழியவில்லை. தலையைச் சாய்த்தாள், ஒரு கூப்பிடுதலும் கேட்கவில்லை. அப்புறம் குத்துமதிப்பாக ஓர் அள்ளு போட்டு இறக்கிவிட்டாள். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாளும் சரியாகவில்லை. ஒருநாள் குழம்பு சப்பென்று இருந்தது. ஒருநாள் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. புளி போட்டதை மறந்து மறுபடி புளி கரைத்து ஊற்றிய நாளும் உண்டு.

பாத்தி வரப்பில் பூவரச மரத்தடியில், ஆவுடை இல்லாத நேரமாக, ஊரார் கூடிப் பேசினார்கள். பேராச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அத்தான், இன்னைக்கும் உப்பே இல்ல. நேத்து என்னன்னா உங்க பாத்தித் தண்ணி தேவலைன்னு இருந்துச்சு."

சொள்ளமுத்து என்கிற வயசாளி, ஊருக்கே மூத்தவர், கம்பை ஊன்றியபடி சொன்னார்: "ஏலே மாசானம், உன் வீட்டுக்காரிக்கு நாக்கு மரத்துப் போச்சு. எடுத்துச் சொல்லத்தான வேணும்?"

"சொன்னா அகப்பையை வச்சிருவா மாமா."

"வச்சா வைக்கட்டுமே. பேராச்சி ஆக்குவா."

மாசானம் உப்பு ஏறி வெடித்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பிள்ளை போனதும் அவ எங்கிட்ட ஒரே ஒரு பேச்சுதான் பேசினா. 'இந்த அடுப்பு இல்லைன்னா நானும் ஆத்துல இறங்கியிருப்பேன்'னா. அதுக்கப்புறமும் நான் போய் அகப்பையை வையின்னு சொல்லவா?"

மாசானம் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தான்.

"அதனால யாரும் வாயைத் திறக்காதீங்க. எப்பவும் போல 'ம்' சொல்லுங்க. கொஞ்ச காலந்தான். தானா சரியாயிரும்."

தளவாய் கடைசியாகக் கரையேற்றிய ஆடு அங்கேதான் நின்றது. "இது அவன் தூக்கிவிட்ட உயிரு" என்றது. "அவன் ஆத்தா வெறும் தண்ணியை ஊத்தினாலும் நான் 'ம்'முன்னுதான் சொல்லுவேன்."

பூனை சரி என்றது. கிளி சரி என்றது. மரக்கிளையிலிருந்து காக்கை கேட்டது: "எனக்குப் பொய் சொல்ல வராதே. நான் என்ன பண்ண?"

"நீ 'ம்' சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும்" என்றான் மாசானம்.

"சும்மாவா? நானா?"

மற்ற நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். காக்கை அவர்கள் முகங்களைப் பார்த்தது. "சரி, இருந்து பாக்குதேன்" என்றது.

அன்று மத்தியானம் பந்தி "ம்" என்றது. முன்பு சொன்னதைவிட உரக்கவே சொன்னது. ஆவுடைக்கு நெஞ்சு லேசானது. நாக்குக்குத் தெரியாவிட்டால் என்ன, கைக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பல காலம் போட்டுப் பழகிய கை, அது தவறாது என்று நம்பினாள்.

கொஞ்ச காலம் என்று மாசானம் சொன்னது நீண்டுகொண்டே போனது. வெள்ளைத்திடலில் பாத்தி கட்டினார்கள், உப்பு வாரினார்கள், மழை வந்து பாத்தி கரைந்தது, மறுபடி கட்டினார்கள். ஆவுடையின் நாக்கு திரும்பவில்லை. ஊரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் எவ்வளவு நாளைக்குத்தான் அப்படியே விழுங்க முடியும்? பேராச்சி மடியில் புளி உருண்டை ஒன்றை முடிந்துகொண்டு பந்திக்கு வர ஆரம்பித்தாள். ஆவுடை அடுத்த இலைக்குக் குனிகிற நேரம் பார்த்து ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொள்வாள். சொள்ளமுத்து வேட்டி முடிச்சில் கருப்பட்டித் துண்டு வைத்திருந்தார். இருமுகிற சாக்கில் கையை வாய்க்குக் கொண்டுபோவார். கிளி, இறக்கைக்குள் மிளகாய்ப் பழம் ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்தது. முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஆடு வருகிற வழியிலேயே வேப்பங்குழையைக் கடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளும். பூனை பந்தி முடிந்ததும் மீன் காய்கிற கரைப்பக்கம் போய் வரும். "காத்து வாங்கப் போறேன்" என்று சொல்லும்.

மாசானம் எதையும் கொண்டுவரவில்லை. பெண்டாட்டியின் சோற்றில் வேறொன்றைச் சேர்ப்பதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் பாத்தியில் உப்பு வாரிவிட்டு வருகிறவன், வாசலில் வைத்திருக்கும் தண்ணீரில் கை கழுவுவதை விட்டுவிட்டான். உப்பு அப்பிய விரலாலேயே பிசைந்து சாப்பிட்டான். இதில் என்ன இருக்கிறது, என் கையில் ஒட்டியிருப்பதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காக்கை ஒன்றும் சேர்க்கவில்லை. வைத்ததை வைத்தபடியே சாப்பிட்டது. கரித்தால் கரிப்பு, சப்பென்றால் சப்பு. கூரையில் உட்கார்ந்து வம்பு பேசுவதையும் விட்டுவிட்டது. பேசத் தொடங்கினால் எங்கே உண்மை விழுந்துவிடுமோ என்று அதற்குப் பயம். "காக்காவுக்கு என்ன ஆச்சு, சீக்கா?" என்று ஆவுடை ஒருநாள் கேட்டாள். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

இப்படியே நாக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் தம் வழியில் நடக்கத் தொடங்கின. கூட நடந்தவர்கள் பேச்சு சுவாரசியத்தில் எங்கே பிரிந்தோம் என்றே தெரியாமல் பிரிந்துபோவார்களே, அது மாதிரி. எவருக்கும் அது தெரியவில்லை. 'நமக்குப் புளிதான் வேண்டியிருக்கிறது, அப்படியானால் எல்லாருக்கும் புளிதான் வேண்டியிருக்கும்' என்று பேராச்சி நினைத்தாள். சொள்ளமுத்து கருப்பட்டியைப் பற்றி அப்படியே நினைத்தார். பக்கத்து இலைக்காரரின் மடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தன் மடியையும் காட்ட வேண்டியிருக்கும்.

பேராச்சியின் மகள் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட வேண்டும். கருப்பட்டித் தண்ணீரை விரலால் தொட்டு முதல் முதலாக நாக்கில் வைப்பதுதான் சேனை. யார் விரலோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பெண்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். பேராச்சி, "எங்கக்காதான் வைக்கணும்" என்றாள்.

ஒருத்தி மெதுவாக, "பிள்ளையைப் பறிகொடுத்தவளாச்சே..." என்று இழுத்தாள்.

"அதனால என்ன? இந்த ஊருக்கே சோறு போடுத கை அது. அந்தக் கை எம் பேத்திக்கு வரட்டும். பிடிக்காதவ வெளிய போளா."

ஆவுடையைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அப்போதுதான் மத்தியானப் பந்தி முடிந்திருந்தது. அவள் கையில் இன்னும் குழம்பு மணம் இருந்தது. கையைக் கழுவிவிட்டுச் சங்கிலிருந்த கருப்பட்டித் தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்துப் பிள்ளையின் உதட்டைத் தொட்டாள். அந்தச் சின்ன வாய் திறந்து விரலைப் பற்றிக்கொண்டது. எவ்வளவு பலம்! அவள் விரலை எடுக்கப் பார்த்தாள், அது விடவில்லை. கடைசியில் விட்டதும், நக்கிப் பார்த்தே பழகிய கை அல்லவா, அந்த விரலைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன யக்கா?"

"ஏளா பேராச்சி... தித்திக்குது."

"கருப்பட்டித் தண்ணி தித்திக்காம உறைக்குமா?"

"இல்லளா. தித்திக்குது. நல்லாத் தித்திக்குது!" என்று சொல்லிச் சொல்லி ஆவுடை அழுதாள். தளவாய் போன அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். மகன் நினைப்பு வந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள், அவர்களும் அழுதார்கள். பிள்ளை மட்டும் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். பானையின் அடியில் மத்தியானக் குழம்பு மிச்சம் இருந்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

துப்பிவிட்டாள். கடல் தண்ணீரில் புளியைக் கரைத்தது மாதிரி இருந்தது அது.

இதையா போட்டேன்? இதற்கா இன்றைக்கு மத்தியானம் பந்தி அப்படி ஒரு "ம்" சொன்னது? பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாசானம் பாத்தியிலிருந்து வருகிறவன் வாசலில் அவளைப் பார்த்து நின்றான்.

"இன்னைக்குக் குழம்பு கரிச்சிருக்கு. நீங்க ஏன் சொல்லல?"

மாசானம் பானையைப் பார்த்தான். "ஒரு நாள்தான? போட்டும்னு விட்டேன்."

"இன்னைக்கு மட்டுந்தானா?"

அவள் முகத்தில் அழுத ஈரமும், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சமும் இருந்தன. அந்த வெளிச்சத்தை ஊதி அணைக்க அவனால் முடியவில்லை.

"இன்னைக்கு மட்டுந்தான்" என்றான்.

அவள் நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. பானையைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்திப் பந்திக்குப் புதிதாக உலை வைத்தாள். புளியைப் பார்த்துப் பார்த்துக் கரைத்தாள். கத்திரிக்காய் பாதி வெந்ததும் முருங்கைக்காயைப் போட்டாள், இரண்டும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழைந்துபோகும். வெந்தயம் சிவக்கிற நேரத்துக்குக் காத்திருந்து, கருகுவதற்குள் இறக்கித் தாளித்தாள். உள்ளங்கையில் விட்டு நக்கினாள். தலையைச் சாய்த்தாள். இப்போது கேட்டது. இன்னும் ரெண்டு கல் உப்பு என்று கேட்டது. ரெண்டு கல் போட்டாள். மறுபடி நக்கினாள். சிரித்தாள். யாருமில்லாத அடுப்படியில் அவளுடைய கை தன்னையறியாமல் அகப்பையோடு பக்கவாட்டில் நீண்டது, அங்கே இன்னோர் உள்ளங்கை இருப்பது மாதிரி. பிறகு இறங்கிக்கொண்டது.

வெயில் சாயும்போது எல்லாரையும் கூப்பிட்டாள். "வாங்க, வாங்க. சூடு ஆறுதுக்குள்ள உக்காருங்க."

பந்தி உட்கார்ந்தது. இலை விழுந்தது, சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. மற்ற நாளெல்லாம் பரிமாறியதும் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறவள் அன்றைக்குப் பந்திக்கு எதிரே வந்து நின்றாள். அவர்கள் முகங்களைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

முதல் கவளம் உள்ளே போனது.

"ம்" என்றது பந்தி.

ஆவுடைக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. அது மத்தியானம் கேட்ட அதே "ம்". கொஞ்சம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடல் தண்ணீருக்கும் இதற்கும் ஒரே "ம்".

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தாள். பேராச்சியின் கை மடிக்குள் போயிருந்தது. சொள்ளமுத்து இருமிக்கொண்டிருந்தார். கிளி இறக்கைக்குள் மூக்கை விட்டுக் கோதிக்கொண்டிருந்தது. ஆட்டின் கடைவாயில் பச்சை தெரிந்தது. மாசானம் சோற்றை விட்டுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அதை எடு பேராச்சி" என்றாள் ஆவுடை.

"எதை யக்கா?"

"மடியில இருக்கதை."

புளி உருண்டை வெளியே வந்தது. கருப்பட்டி வந்தது. மிளகாய்ப் பழம் வந்தது. ஆடு வாயைத் திறந்து வேப்பங்குழையைக் கீழே போட்டது. ஒருவர் வைத்திருந்ததை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கே அதிசயமாக இருந்தது. "இதையா தின்ன? இது உறைக்குமே!" என்றார் சொள்ளமுத்து கிளியைப் பார்த்து. "நீரு வச்சிருக்கது மட்டும் என்னவாம், குமட்டுது" என்றது கிளி. ஒரே நாக்கோடு பிறந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரையொருவர் புரியாமல் பார்த்தார்கள்.

ஆவுடை பந்தியின் கடைசி வரைக்கும் நடந்து காக்கையிடம் வந்தாள். "உனக்குப் பொய் வராது. நீ சொல்லு. எப்ப இருந்து?"

காக்கை மாசானத்தைப் பார்த்தது. அவன் தலை குனிந்திருந்தது.

"தளவாய்க்குக் கருமாதி கழிச்ச அன்னையில இருந்து" என்றது காக்கை.

ஆவுடை புருசன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒருத்தர்கூடவா? ஒரு வார்த்தை, உப்பு பத்தலன்னு, ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேட்டா நீ அகப்பையை வச்சிருவ. நீதான சொன்ன, அடுப்பு இல்லைன்னா ஆத்துல இறங்கிருவேன்னு..."

"சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவ வேற என்ன சொல்லுவா?" அவள் குரல் இறங்கிப்போனது. "நீங்க கேட்டிருந்தா அகப்பையை வச்சிருப்பேன். வச்சுட்டு உக்காந்து அழுதிருப்பேன். அன்னைக்கு அழ விடாம எல்லாருமாச் சேந்து எனக்கு 'ம்' சொல்லிட்டீங்க. நானும் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சிட்டேன்."

பேராச்சி அழுதுகொண்டே சொன்னாள்: "யக்கா, உன் மேல உள்ள பிரியத்துலதான்..."

"தெரியும்ளா. அதுதான் யார் மேலயும் கோவப்பட முடியல." ஆவுடை பந்தியைப் பார்த்துக் கேட்டாள். "இன்னைக்குக் குழம்பு எப்படி இருக்கு? இப்பவாவது நெசத்தைச் சொல்லுங்க."

பேராச்சி தயங்கினாள். "புளி கொஞ்சம் காணாது யக்கா."

"எனக்குப் புளி கூட. இனிப்பே இல்ல தாயி" என்றார் சொள்ளமுத்து.

"காரமே இல்ல" என்றது கிளி.

"கசப்பு வேணும்" என்றது ஆடு, தலையைத் தூக்காமல். பூனை ஒன்றும் சொல்லாமல் கரைப்பக்கம் பார்த்தது.

கடைசியாக ஆவுடை மாசானத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சொல்ல வரவில்லை.

"உப்பு இல்ல ஆவுடை" என்றான்.

அந்த ஊரில் பந்தியில் சாப்பிட உட்கார்ந்த யாரும் சொல்லாத சொல் அது. அவள் சரியான உப்பு போட்ட நாளில் அதைச் சொன்னவன் அவள் புருசன். பந்தி அவள் கையிலிருந்த அகப்பையையே பார்த்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. வைத்து என்ன ஆகப்போகிறது? வேறு யார் எடுத்தாலும் இனி எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழம்பு வைக்க முடியாது. அவளுடைய நாக்கு திரும்பி வந்துவிட்டது, வந்து சேர்ந்த இடத்தில் ஊர் நாக்கு இல்லை.

அடுப்படிக்குப் போய் உப்பு மரவையை எடுத்து வந்தாள். பந்தியின் ஒரு கோடியிலிருந்து நடந்து, ஒவ்வோர் இலையின் இடது ஓரத்திலும் ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டே போனாள். ஆட்டின் இலையில் வைத்தாள். கிளியின் இலையில் வைத்தாள். யாருக்கு எவ்வளவு என்று அவள் யோசிக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே சிட்டிகை.

"இனிமே நான் ஆக்குததை ஆக்குதேன்" என்றாள். "வேணுங்கிறவங்க வேணுங்கிறதைத் தொட்டுக்கோங்க. மறைச்சு வச்சுத் திங்க வேண்டாம், எங்கிட்டக் கேக்கவும் வேண்டாம். புளியும் மிளகாயும் நாளைக்குத் தனியா ஊறப்போட்டு வைக்கேன். அதையும் இலை ஓரத்துலயே வாங்கிக்கோங்க."

எல்லாரும் குனிந்து, ஆளுக்குக் கொஞ்சமாக உப்பைத் தொட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். பேராச்சி துளி தொட்டாள். சொள்ளமுத்து உப்பை ஒதுக்கிவிட்டார். ஒருவர் வாயில் போனது இன்னொருவர் வாயில் போகவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சாப்பாடு சாப்பிட்டார்கள்.

முதலில் பூனை எழுந்தது, கரைக்குப் போய்விட்டது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஆடு ஆவுடையின் காலடியில் கொஞ்சம் நின்றது. ஏதோ சொல்ல வந்தது, சொல்லாமல் வேப்ப மரத்தடிக்கு நடந்தது. அதற்குப் பிறகு அவை பந்திக்கு வந்ததில்லை. நாக்கு பிரிந்ததும் பேச்சும் மெல்லப் பிரிந்துபோனது. காக்கை மட்டும் இலையில் இருந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றது, ஓரத்து உப்பு வரைக்கும். எதையும் சேர்த்துக்கொள்ளாமல் தின்ற நாக்கு என்பதால், இன்றைக்கும் அதற்கு எது வைத்தாலும் சரிதான். சோறு வடித்ததும் முதல் பிடியை அதற்கு வைத்துவிட்டு, அது தின்கிறதா என்று நாம் பார்த்து நிற்கிறோமே, அது இதனால்தான்.

பேராச்சி போனாள். சொள்ளமுத்து கம்பை ஊன்றிப் போனார். ஒவ்வொருவராக எழுந்து கை கழுவிக்கொண்டு போனார்கள். மாசானம் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இலை ஓரத்தில் உப்பு அப்படியே இருந்தது.

"தொட்டுக்கோங்க" என்றாள் ஆவுடை.

"வேண்டாம். பழகிக்கிடுதேன்."

"எதுக்குப் பழகணும்? போதும், நீங்க பழகினது." அவள் மரவையை மூடினாள். "கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து உங்களுக்குச் சோறு போடுதேன். உங்களுக்கு எவ்வளவு உப்பு வேணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அவன் உப்பைத் தொட்டான். மிச்சச் சோற்றில் பிசைந்தான். ஒவ்வொரு கவளமாகத் தின்று முடித்தான். பிறகு, துக்க வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான். எழுந்து, கை கழுவாமலே, பாத்திப் பக்கம் நடந்தான். அவள் கூப்பிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ, வரப்பில் ஒருமுறை நின்றான். அவள் கூப்பிடவில்லை. அவனும் போய்விட்டான்.

இலை விரித்ததும் சோற்றுக்கு முன்னால் அதன் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு விழுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். வேண்டியதை வேண்டிய அளவு தொட்டுக்கொள்கிறோம், பக்கத்து இலைக்காரருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல்.